மணல் மூட்டை போட்டும் தண்ணீர் உள்ளே வருகிறதா? வரும் வழியைக் கண்டுபிடித்து அடைப்பது எப்படி

2015 டிசம்பர் 1ஆம் தேதி இரவு, சென்னை வேளச்சேரியில் எங்கள் தரைத்தள வீட்டு வாசலில் 22 மணல் மூட்டைகளை அடுக்கி முடித்தோம். தெருத் தண்ணீர் இரண்டாவது படியைத் தொட்டுக்கொண்டு நின்றது. மூட்டைகள் தாங்கின. ஒரு வாய் தண்ணீர் குடிக்கலாம் என்று நிமிர்ந்தபோது பின்பக்கத்திலிருந்து அம்மா குரல் கொடுத்தார்: "இங்க வந்து பாருப்பா, பாத்ரூம் ஜாலியிலேருந்து கரப்பான்பூச்சியா ஏறி வருது."

கரப்பானுக்குப் பின்னால் கறுப்புத் தண்ணீர் வந்தது. அரை மணி நேரத்தில் ஹாலில் கணுக்கால் அளவு. வாசலில் ஒரு மூட்டைகூட அசையவில்லை.

அதற்குப் பிறகு 2021 நவம்பர், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல், 2024 அக்டோபர் என்று தண்ணீர் வந்துகொண்டேதான் இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் எங்கள் வீட்டிலும் தெருவில் இன்னும் பத்துப் பன்னிரண்டு வீடுகளிலும் எது எங்கே ஒழுகுகிறது என்று பார்த்துப் பார்த்து அடைத்திருக்கிறோம். மூட்டைக்காக லாரியைத் தேடி ஓடும் முன், தண்ணீர் உங்கள் வீட்டுக்குள் முதலில் எந்த ஓட்டை வழியாக வருகிறது என்று தெரிய வேண்டும். ஓட்டைக்கு ஓட்டை செய்ய வேண்டியது வேறு. அதனால் அறிகுறியை வைத்துப் பிரித்திருக்கிறேன். உங்களுக்கு எது பொருந்துகிறதோ அங்கே நேராகப் போகலாம்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது தேங்கி நிற்கும் தண்ணீருக்கான வழிமுறை. வேளச்சேரி, மடிப்பாக்கம், பள்ளிக்கரணைப் பக்கம் தண்ணீர் மெல்ல ஏறி நாள்கணக்கில் நிற்கும். ஆற்றங்கரைக் கதை வேறு. 2015இல் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்தபோது அடையாற்றங்கரையில் தரைத்தள வீடுகளே மூழ்கின. முடிச்சூர், வரதராஜபுரம் போல ஆறு புகும் இடத்தில் இருப்பவர்கள் இதில் எதையும் நம்பி வீட்டில் உட்கார வேண்டாம். எச்சரிக்கை வந்ததும் கிளம்பிவிடுங்கள்.

எதைத் தொடுவதற்கு முன்பும்: கரண்ட்

தண்ணீர் வாசற்படியின் உயரத்துக்கு வருகிறது என்றால் மெயினை அணைத்துவிடுங்கள். பலர் மறப்பது இன்வெர்ட்டரை. மெயின் அணைத்தாலும் அது பிளக் பாயின்டுக்குக் கரண்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும். அதையும் அணைத்து, முடிந்தால் பேட்டரியை மேசை மேல் ஏற்றிவிடுங்கள். மெயின் பெட்டி இருக்கும் இடத்தில் ஏற்கெனவே தண்ணீர் நிற்கிறது என்றால் அதில் இறங்க வேண்டாம். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987. அவர்கள் தெருப் பக்கம் துண்டித்த பிறகுதான் மற்ற வேலை.

மழை இல்லாத நாளில் ஒரு சோதனை: எந்த ஓட்டை தாழ்ந்தது?

கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் லெவலை ஒரு மணி நேரத்துக்கு வாங்கிக்கொள்ளுங்கள். தெளிவான பிளாஸ்டிக் டியூபில் தண்ணீர் நிரப்பினால் உங்களிடமே ஒன்று தயார். தெரு நடுவில் ஒரு முனை, வீட்டில் ஒரு முனை; இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். பாத்ரூம் தரை ஓட்டை, வாசற்படி, ஏ.சி. பைப் நுழையும் துளை, சம்ப் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி) மூடி, கம்மோடு வாய், சமையலறை சிங்க் எல்லாவற்றின் உயரத்தையும் தெருவை வைத்து அளந்து ஒரு தாளில் எழுதுங்கள்.

எங்கள் வீட்டில் வந்த கணக்கு இது: வாசற்படி தெருவை விட 14 அங்குலம் உயரம். பாத்ரூம் தரை ஓட்டை வெறும் 11 அங்குலம். பாத்ரூம் தரையை எப்போதும் ஹாலை விடத் தாழ்த்தித்தான் கட்டுவார்கள். ஆகவே வாசலில் என்ன அடுக்கினாலும் தண்ணீருக்கு முதல் கதவு பாத்ரூம்தான். சென்னையில் சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே போட்ட தெருக்களில் இந்த வித்தியாசம் இன்னும் குறைந்திருக்கும். பழைய வீடுகளில் ஹால் தரையே தெருவுக்குக் கீழே போய்விட்டது.

சுவரில் பழைய வெள்ளக் கோடு இருந்தால் பெயின்ட் அடிக்கும்போது அதை மறைக்காதீர்கள். ஓர் ஆணியாவது அடித்து வையுங்கள்.

## அறிகுறி 1: பாத்ரூமில் "குளுக் குளுக்" சத்தம், கரப்பான், கறுப்புத் தண்ணீர்

எங்கள் பகுதியில் பத்தில் எட்டு வீட்டுக்கு இதுதான் முதல் அறிகுறி. வெளியே தண்ணீர் வாசலுக்கு வரும் முன்பே இது தொடங்கிவிடும்.

மழை இல்லாத நாளிலும் சத்தம் வருகிறதா?

வந்தால் அது வெள்ளம் இல்லை, உங்கள் பைப்பில் அடைப்பு. வீட்டுச் சேம்பரை (கழிவுநீர்ப் பைப்கள் சேரும் மூடி போட்ட குழி) திறந்து முடி, துணி, எண்ணெய்க் கட்டி எடுத்துவிட்டால் தீரும். மழைக்காலத்துக்கு முன்பே செய்துவிடுங்கள், ஏனென்றால் கீழே சொல்லும் வால்வும் இந்தக் குப்பையால்தான் கெடும்.

மழையில் மட்டும் வருகிறதா?

வீட்டுக்கும் தெருவுக்கும் நடுவில் இருக்கும் கடைசிச் சேம்பரின் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். தண்ணீர் எந்தப் பக்கம் நகர்கிறது? ஒரு காகிதத் துண்டைப் போட்டால் தெரியும். காகிதம் வீட்டுப் பக்கம் வந்தால் தெருச் சாக்கடை எதிர்த்து அடிக்கிறது. அடைத்தே ஆக வேண்டும். பார்த்ததும் மூடியைத் திரும்பப் போட மறக்காதீர்கள். தண்ணீருக்கு அடியில் திறந்து கிடக்கும் சேம்பர் ஆளை விழுங்கும்.

இப்போதே வந்துகொண்டிருக்கிறது, கையில் எதுவும் இல்லை

பழைய துணியைப் பந்தாகச் சுருட்டி, பாலிதீன் கவரில் போட்டு முடிந்து, தரை ஓட்டையில் இறுக்கித் திணியுங்கள். அதன் மேல் லாரி டியூப் அல்லது தடித்த ரப்பர் பாய்த் துண்டு, அதன் மேல் ஒரு சின்னப் பலகை, பலகை மேல் முழுத் தண்ணீரோடு ஒரு 20 லிட்டர் குடிநீர் கேன். செங்கல் ஒன்று போதாதா என்று எல்லோரும் கேட்பார்கள். போதாது. வெளித் தண்ணீர் அந்த ஓட்டையை விட 2 அடி உயரத்தில் நின்றால் 4 அங்குல ஓட்டையில் கிட்டத்தட்ட 5 கிலோ மேல்நோக்கித் தள்ளும். பலகை பெரிதானால் தண்ணீர் அடியில் பரவி முழுப் பலகையையும் தூக்கும். அதனால் ரப்பரும் பலகையும் ஓட்டையைச் சுற்றி ஒரு அங்குலம் மட்டும் பெரிதாக இருக்கட்டும்.

அந்த ஓட்டையை அடைத்ததும் தண்ணீர் அடுத்த தாழ்ந்த ஓட்டையைத் தேடும். வரிசை பெரும்பாலும் இப்படித்தான்: பாத்ரூம் தரை, துணி துவைக்கும் இடம், இந்தியன் டாய்லெட், வாஷிங் மெஷின் அவுட்லெட், அப்புறம் வெஸ்டர்ன் கம்மோடு. கம்மோடு வாய் தரையிலிருந்து 15, 16 அங்குலம் இருப்பதால் கடைசியாகத்தான் வழியும். இந்தியன் டாய்லெட்டுக்கும் கம்மோடுக்கும் தண்ணீர் மூட்டை நன்றாக வேலை செய்கிறது. பெரிய குப்பைக் கவர் இரண்டை ஒன்றுக்குள் ஒன்று போட்டு, பாதி அளவு தண்ணீர் ஊற்றி, காற்றை வெளியேற்றி இறுக்கி முடிந்து, கிண்ணத்துக்குள் இறக்கிவிடுங்கள். தண்ணீர் என்பதால் அந்த வளைவுக்குள் தானே படிந்துகொள்ளும். ஜப்பானில் பல நகராட்சிகள் இதையே மக்களுக்குச் சொல்லித்தருகின்றன. மணல் தேட வேண்டாம், வேலை முடிந்ததும் தண்ணீரைக் கொட்டிவிடலாம்.

மழைக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது

இரண்டு வழி. முதலாவது, பிளம்பிங் கடைகளில் பைப் டெஸ்ட் செய்வதற்காக விற்கும் ரப்பர் பிளக். நடுவில் இருக்கும் நட்டைத் திருக ரப்பர் விரிந்து பைப்பைக் கவ்விக்கொள்ளும். ஓட்டைக்குள் இருக்கும் பைப்பின் உள்விட்டத்தை அளந்துவிட்டு வாங்குங்கள். மேல் ஜாலியின் அளவை வைத்து வாங்கினால் பொருந்தாது.

இரண்டாவது வழி எனக்கு மிகவும் பிடித்தது, செலவும் குறைவு: நிற்கும் பைப். தரை ஓட்டைக்குள் சரியாகப் பொருந்தும் 3 அடி பி.வி.சி. பைப் துண்டை ரப்பர் வளையத்தோடு செங்குத்தாகச் சொருகிவிடுவது. எதிர்த்து வரும் தண்ணீர் அந்தப் பைப்புக்குள் ஏறி, வெளியே என்ன மட்டமோ அந்த மட்டத்தில் நின்றுவிடும். தரையில் வழியாது. உள்ளே எட்டிப் பார்த்தால் வெளியே எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதும் தெரிந்துவிடும். மிக்ஜாம் இரவில் நாங்கள் வாசலைத் திறக்காமல், டார்ச்சை இந்தப் பைப்புக்குள் அடித்து அடித்துத்தான் நிலைமையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பழைய வீடுகளில் எச்சரிக்கை: தரைக்கு அடியில் கல்நார்ப் பைப்போ மண் பைப்போ இருந்தால், வாயை அடைத்ததும் தண்ணீர் இணைப்புகள் வழியே கசிந்து டைல்ஸ் இடுக்கில் வரலாம். அப்படி வந்தால் உள்ளே அடைப்பது உங்கள் வீட்டுக்கு ஒத்துவராது. வெளியில் வால்வுதான்.

நிரந்தரத் தீர்வு வேண்டும்

என்.ஆர்.வி., அதாவது ஒரு பக்கம் மட்டும் திறக்கும் வால்வு. வீட்டின் கடைசிச் சேம்பருக்கும் தெரு இணைப்புக்கும் நடுவில், 110 மி.மீ. பைப்பில் போடுவது. வால்வுக்குச் சில ஆயிரம், தோண்டும் கூலி தனி. மேலே திறந்து சுத்தம் செய்யக்கூடிய மூடி உள்ளதாக வாங்குங்கள். மூடியில்லாத வகையைப் புதைத்துவிட்டால் அடுத்த வருடம் மறுபடி தோண்ட வேண்டும். இது பிளம்பர் வேலை. சரிவு கொஞ்சம் தப்பினாலும் சாதாரண நாளில் அடைப்பு வரும்.

என்.ஆர்.வி. போட்டும் வருகிறது

இந்தப் புகாரோடு எங்களைக் கூப்பிட்டவர்கள் நிறைய. காரணம் மூன்றில் ஒன்றாகத்தான் இருந்திருக்கிறது.

கறுப்புத் தண்ணீர் வந்தால் வால்வின் மடல் முழுதாக மூடவில்லை. முடியோ துணியோ சிக்கியிருக்கும். மூடியைத் திறந்து எடுத்துவிட்டு, மடலை விரலால் தூக்கி விட்டுப் பாருங்கள். சத்தமில்லாமல் தானே விழ வேண்டும்.

தெளிந்த தண்ணீர் வந்தால் மொட்டை மாடியைப் பாருங்கள். மூன்று வீடு தள்ளி ஓர் அண்ணன் வீட்டில் இதே கதை. புது வால்வு, அருமையாக மூடுகிறது, ஆனால் பாத்ரூம் நிரம்புகிறது. தண்ணீரில் நாற்றம் இல்லை, ஒரு வேப்பிலை மிதந்து வந்தது. அந்த இலையைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. மாடி மழைத்தண்ணீர் பைப்பை யாரோ எப்போதோ வீட்டுச் சேம்பரில் இணைத்திருக்கிறார்கள். வால்வு மூடிக்கொண்டதும் மாடியில் பெய்யும் மழைக்கு வெளியே போக வழியில்லை. அவர் வீட்டு மழையே அவர் வீட்டை நிரப்புகிறது. அந்தப் பைப்பை அறுத்து, காம்பவுண்டுக்கு வெளியே தண்ணீர் விழும்படி திருப்பியதும் நின்றது.

மூன்றாவது, அடுக்குமாடி வீடுகளில். வால்வு மூடியிருக்கும்போது மாடி வீட்டில் யாராவது ஃபிளஷ் பண்ணினால் அது கீழ்வீட்டு பாத்ரூமில்தான் வெளிவரும். மழைக்கு முன்பே மாடி வீட்டு அக்காவிடம் பக்குவமாகச் சொல்லிவையுங்கள்: "அக்கா, தெருவுல தண்ணி நிக்கிற வரைக்கும் குளிக்கறது, துவைக்கறது, ஃபிளஷ் எதுவும் வேண்டாம். எங்க வீட்லதான் வருது." பலருக்கு இது தெரியாது, தெரிந்தால் ஒத்துழைப்பார்கள். நிரந்தரமாக வேண்டுமானால் தரைத்தளத்துக்குத் தனி பைப் லைன் போட்டு, வால்வை அதில் மட்டும் வைக்க வேண்டும். இது உங்களுக்கும் பொருந்தும்: வால்வு மூடியிருக்கும் நேரத்தில் உங்கள் வீட்டுத் தண்ணீரும் வெளியே போகாது. பக்கெட்டும் மூடியும் தயாராக இருக்கட்டும்.

எப்போது ஆளைக் கூப்பிட: தெரு மேன்ஹோல் மழை நின்ற பிறகும் பொங்கினால் குடிநீர் வாரியத்தின் 044-4567 4567. மழைநீர் வடிகால் அடைப்பு, தெருவில் தண்ணீர் தேக்கம் என்றால் மாநகராட்சியின் 1913. தெரு மேன்ஹோலுக்குள் யாரையும் இறக்காதீர்கள். கூலிக்கு இறங்கத் தயாராக ஒருவர் வந்தாலும் வேண்டாம். விஷவாயுவில் உயிர் போகும், சட்டமும் தடை செய்திருக்கிறது.

## அறிகுறி 2: வாசற்படி வழியாக ஏறுகிறது

அலையாக வந்து போகிறது

தண்ணீர் படிக்குக் கீழேதான் நிற்கிறது, ஆனால் கார் போகும்போதெல்லாம் உள்ளே அடிக்கிறது. இதற்கு ஒரு தடித்த பாலிதீன் ஷீட்டும் பலகையும் போதும். ஷீட்டைப் படியில் முன்னால் ஓர் அடி நீட்டி விரித்து, பலகையைச் சுற்றி உள்பக்கம் மடித்து, பலகைக்குப் பின்னால் தண்ணீர் கேன்களை முட்டுக் கொடுங்கள். தெரு முனையில் ஒரு கயிறு கட்டி வண்டிகளை மெதுவாகப் போகச் சொன்னாலே பாதிப் பிரச்சினை தீரும்.

மெல்ல ஏறுகிறது, இரண்டு அடிக்குள்

கதவை நம்பாதீர்கள். மரக்கதவு ஊறிப் பிடித்துக்கொண்டால் நீங்கள் வெளியே வர முடியாது. கதவுக்கு வெளியே சொருகும் பலகைதான் நான் பார்த்ததில் பணத்துக்கு நல்ல பலன் தந்தது. அலுமினியம் பார்ட்டிஷன் வேலை செய்யும் கடையில் சொன்னால் ஒரே நாளில் செய்துவிடுவார்கள். நிலையின் இரண்டு பக்கமும் ஓர் அங்குல அலுமினியச் சேனல், அதற்குள் இறங்கும் 19 மி.மீ. பிளைவுட். ஐ.எஸ். 710 என்று முத்திரை உள்ள மெரைன் பிளை கேளுங்கள். சாதாரண பிளை ஒரே மழையில் உப்பிவிடும். 8×4 பலகை ஒன்றில் 4 அடிக்கு 2 அடி துண்டு நான்கு கிடைக்கும். நான்கு வீட்டார் சேர்ந்து வாங்கினால் செலவு தெரியாது. அறுத்த ஓரங்களுக்கு இரண்டு கோட் எனாமல் பெயின்ட். பக்கத்திலும் அடியிலும் ஈ.பி.டி.எம். ரப்பர், கார் கதவு ஓரத்தில் இருக்குமே, அதே வகை. பலகை ரப்பரை அழுத்தும்படி சேனலுக்குள் மர ஆப்பு அடிக்க வேண்டும்.

சேனலை மர நிலையில் திருகாமல் சுவரில் திருகுங்கள். நிலைக்கும் சுவருக்கும் நடுவில் எப்போதும் ஓர் இடுக்கு இருக்கும், தண்ணீர் அதைக் கண்டுபிடித்துவிடும்.

கேட்டிலேயே நிறுத்த வேண்டும்

10, 12 அடி அகலக் கேட்டுக்குத் தண்ணீர் நிரப்பும் குழாய்த் தடுப்பு விற்கிறார்கள். ஒற்றைக் குழாய் உருண்டுவிடும். இரண்டு குழாய் சேர்த்து ஒட்டியது வாங்குங்கள், அதன் உயரத்தில் பாதி வரைதான் நம்புங்கள். ஆனால் கேட்டில் நிறுத்தும் முன் காம்பவுண்டுச் சுவரைச் சுற்றி வாருங்கள். பக்கத்து மனையிலிருந்து தண்ணீர் வர ஓர் ஓட்டை இருந்தாலும் கேட்டுச் செலவு வீண். பெரும்பாலான வீடுகளுக்கு வீட்டு வாசலில் நிறுத்துவதுதான் சரிப்படும் என்பது என் எண்ணம்.

மணல் மூட்டைக்குப் பதிலாக ஜெல் பை வாங்கலாமா?

காய்ந்த நிலையில் அரைக் கிலோகூட இருக்காது. தண்ணீரில் போட்டால் சில நிமிடங்களில் தலையணை போல் உப்பும். வயதானவர்கள் தனியாக இருக்கும் வீட்டுக்கு நல்லது, ஒரு பீரோ மூலையில் பத்துப் பை வைத்துக்கொள்ளலாம். மணல் மூட்டை ஒன்று 15, 20 கிலோ, அவர்களால் தூக்க முடியாது. ஆனால் கடல் தண்ணீரில் ஜெல் சரியாக உப்பாது. எண்ணூர், காசிமேடு போன்ற கடலோரத்தில் வாங்காதீர்கள். சாக்கடை கலந்த தண்ணீரைக் குடித்த பையைத் திரும்பப் பயன்படுத்தவும் கூடாது.

## அறிகுறி 3: தடுப்பு இருக்கிறது, ஆனாலும் கசிகிறது

உலர்ந்த தரையில் சாக்பீஸ் தூளைக் கோடாகத் தூவுங்கள். எங்கே முதலில் கோடு அழிகிறதோ அங்கேதான் ஓட்டை.

அடி விளிம்பில் என்றால் படியின் டைல்ஸ் இணைப்புதான் காரணம். எங்கள் முதல் பலகை இப்படித்தான் தோற்றது. இரண்டு டைல்ஸுக்கு நடுவே ஒரு பள்ளக் கோடு, ஒரு நூல் அகலம்கூட இல்லை. அதன் வழியாக ராத்திரி முழுக்க வந்து, விடிவதற்குள் ஆறு பக்கெட் மொண்டு ஊற்றினோம். பலகை உட்காரும் இடத்தில் மட்டும் அந்தக் கோட்டை எபாக்சி கிரவுட்டால் நிரப்பினால் போதும். அவசரத்துக்கு எம்-சீல்.

மூலையில் என்றால் ரப்பர் இரண்டு துண்டாக வெட்டி ஒட்டப்பட்டிருக்கும். ஒரே நீளமாக யு வடிவில் வளைத்து ஒட்டச் சொல்லுங்கள்.

நடுவில் பலகை உள்பக்கம் வளைகிறது என்றால் வாசல் அகலம் கூடுதல். பின்னால் ஒரு குறுக்குச் சட்டம் தேவை. ஒரு மீட்டர் அகலப் பலகையை 2 அடித் தண்ணீர் சுமார் 180 கிலோ எடையால் தள்ளுகிறது.

கொஞ்சம் கசிவது இயல்பு. மாப்பும் பக்கெட்டும் சமாளிக்கும் அளவு என்றால் விட்டுவிடுங்கள். டீசல், பெட்ரோல் பம்பை மட்டும் வீட்டுக்குள்ளோ மூடிய கார் ஷெட்டிலோ ஓட்டாதீர்கள். அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு நாற்றமில்லாமல் ஆளைக் கொல்லும்.

இதையெல்லாம் புரட்டாசியிலேயே சோதித்துவிடுங்கள். படியில் செங்கலும் களிமண்ணும் வைத்து ஒரு சின்ன வரப்பு கட்டி, பலகைக்கும் வரப்புக்கும் நடுவே அரை அடி தண்ணீர் விட்டு ஒரு மணி நேரம் பாருங்கள்.

## அறிகுறி 4: எல்லா ஓட்டையும் அடைத்தாச்சு, எங்கிருந்து என்றே தெரியவில்லை

மறக்கப்பட்ட துளைகளைத் தேடுங்கள். ஏ.சி. காப்பர் பைப் நுழையும் இடம், மின்வாரியக் கேபிள் பூமிக்கு அடியிலிருந்து வரும் பைப், இன்டர்நெட் வயர், பழைய தண்ணீர் லைனுக்குப் போட்டு விட்டுவிட்ட துளை, பழைய கட்டடங்களில் தரை கழுவிய தண்ணீர் வெளியே போகத் தரையை ஒட்டி விட்ட துளை. கேபிள் பைப் வழியே மீட்டர் பெட்டிக்குத் தண்ணீர் வந்ததை ஒரு வீட்டில் பார்த்தேன். அதைத் தொடவே கூடாது, எலக்ட்ரீஷியன் வந்து கரண்ட் இல்லை என்று உறுதிசெய்த பிறகுதான் அடைப்பு. மற்றவற்றை உலர்ந்த நாளில் பி.யு. (பாலியூரித்தேன்) சீலன்டால் வெளிப்பக்கத்திலிருந்து அடையுங்கள். ஈரத்தில் அது ஒட்டாது. தண்ணீர் வந்துகொண்டிருக்கும்போது நிறுத்த, சில நிமிடங்களில் இறுகும் சிமென்ட், கட்டட கெமிக்கல் கடைகளில் கிடைக்கும். கையுறை போட்டு, உருண்டையாக்கி, சூடேறத் தொடங்கியதும் அழுத்திப் பிடியுங்கள்.

## அறிகுறி 5: சுவரும் தரையும் சேரும் மூலையில், டைல்ஸ் இடுக்கில் ஊற்று

தண்ணீர் தெளிவாக, குளிர்ச்சியாக, மெல்ல வருகிறது. மழை நின்று இரண்டு நாள் ஆன பிறகும் வருகிறது என்றால் அது நிலத்தடி நீர். சதுப்பு நிலத்தை ஒட்டிய பகுதிகளில் இது சகஜம். வாசல் பலகையோ வால்வோ இதற்கு ஒன்றும் செய்யாது.

முதலில் தண்ணீர் டேங்க் பைப் உடைந்திருக்கிறதா என்று பாருங்கள்: மோட்டார், மெயின் வால்வு எல்லாம் மூடி நான்கு மணி நேரம் கவனியுங்கள். ஊற்று குறைந்தால் பைப் கசிவு. குறையாவிட்டால் வீட்டின் ஒரு மூலையிலோ வெளியே சுவரை ஒட்டியோ ஒரு குழி எடுத்து, அதில் தேங்கும் தண்ணீரைச் சின்ன சப்மெர்சிபிள் மோட்டாரால் வெளியேற்றுவதுதான் வழி. மோட்டார் லைனுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம்.

டைல்ஸ் மேலே தூக்கிக்கொண்டு வருகிறது, தரை உப்புகிறது, சுவரில் புது விரிசல் என்றால் இறைப்பதை நிறுத்திவிட்டுக் கட்டட இன்ஜினீயரைக் கூப்பிடுங்கள். அவர் சொல்லும் பெரிய செலவு தரைமட்டத்தை உயர்த்துவதாக இருக்கலாம், அல்லது ஜாக்கி வைத்து வீட்டையே தூக்குவதாக இருக்கலாம். சென்னையில் இப்போது நிறைய வீடுகளைத் தூக்குகிறார்கள். தூக்குபவர் கொடுக்கும் உத்தரவாதத்தை மட்டும் நம்பாமல், அவருக்குச் சம்பந்தமில்லாத ஓர் இன்ஜினீயர் அஸ்திவாரத்தைப் பார்த்துச் சரி என்ற பிறகு முன்பணம் கொடுங்கள்.

## அறிகுறி 6: தண்ணீர் இரண்டு அடியைத் தாண்டுகிறது

இங்கே தடுப்பதை நிறுத்துங்கள். 2 அடியில் ஒரு மீட்டர் நீளச் சுவரில் 180 கிலோ தள்ளியது, 3 அடியில் 400 கிலோவுக்கு மேல் போகும். பத்தடிச் சுவர் என்றால் ஒரு டன்னைத் தாண்டிவிடும். நாலரை அங்குலச் செங்கல் சுவர் பக்கவாட்டில் அவ்வளவு தாங்கக் கட்டப்பட்டதில்லை. தண்ணீரை உள்ளே விட்டால் இரண்டு பக்க அழுத்தமும் சமமாகும், சுவர் நிற்கும். நனைந்த சோபாவை விட இடிந்த சுவர் பெரிய நஷ்டம். பலகையை 2 அடி உயரத்துக்கு மேல் செய்யாமல் விடுவதற்கும் இதுதான் காரணம். அதற்கு மேல் தண்ணீர் தானே வழிந்து உள்ளே வரட்டும்.

ஆட்கள் அதற்கு முன்பே மாடிக்கோ வெளியிலோ போயிருக்க வேண்டும். நடக்க முடியாதவர்கள் இருந்தால் தண்ணீர் முதல் படியில் இருக்கும்போதே கிளப்புங்கள். மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டம் 1077.

## அறிகுறி 7: சம்ப் தண்ணீர் நாற்றமடிக்கிறது, கலங்கியிருக்கிறது

மூடி தரைமட்டத்தில் இருந்தால் வெள்ளம் உள்ளே போயிருக்கும். மூடி உயரமாக இருந்தும் கலங்கினால் சுவரில் விரிசல், அல்லது பக்கத்தில் செப்டிக் டேங்க்.

முதல் ஆத்திரத்தில் சம்பைக் காலி செய்துவிடாதீர்கள். சுற்றிலும் நிலத்தில் தண்ணீர் நிறைந்திருக்கும்போது காலி சம்ப் படகு போல மேலே தூக்கப்பட்டு விரிசல் விடும். வெளித் தண்ணீர் நன்றாக வடிந்த பிறகு இறைத்து, மண்ணை வாரி, தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்புங்கள். 1000 லிட்டருக்கு 150 கிராம் பிளீச்சிங் பவுடரைத் தனியாகக் கரைத்துத் தெளிவை ஊற்றி, ஒரு நாள் முழுக்க விட்டு, அந்தத் தண்ணீரையும் வெளியேற்றிவிட்டு மறுபடி நிரப்ப வேண்டும். அதுவரை மோட்டார் போட்டு மாடி டேங்குக்கு ஏற்றாதீர்கள். உள்ளே இறங்குபவர் தனியாக இறங்கக் கூடாது, மேலே ஒருவர் நின்று பேசிக்கொண்டே இருக்க வேண்டும்.

அடுத்த மழைக்குள் சம்ப் வாயைச் சுற்றி ஒன்றரை அடி செங்கல் கழுத்துக் கட்டி, ரப்பர் வைத்த மூடி போடுங்கள். கொத்தனாருக்கு ஒரு நாள் வேலை.

## அறிகுறி 8: தெருவில் வடிந்துவிட்டது, வீட்டுக்குள் தண்ணீர் போகவில்லை

அடைத்ததைத் திறக்க மறந்திருப்பீர்கள். எங்கள் தெருவில் ஒவ்வொரு வருடமும் யாராவது ஒருவர் வீட்டில் இது நடக்கிறது. ஆனால் உடனே பிடுங்காதீர்கள். முதலில் நிற்கும் பைப்பிலோ சேம்பரிலோ மட்டத்தைப் பாருங்கள்; தெரு வடிந்தாலும் சாக்கடை வடிய இன்னும் அரை நாள் ஆகலாம். சேம்பரில் மட்டம் பாத்ரூம் தரைக்குக் கீழே போன பிறகு பிளக்கைத் தளர்த்துங்கள். பூட்ஸும் கையுறையும் போட்டுக்கொண்டு செய்யுங்கள். காலில் புண் இருப்பவர் இறங்க வேண்டாம், எலிக்காய்ச்சல் இந்தத் தண்ணீரில்தான் வருகிறது.

திறந்தும் போகவில்லை என்றால் வால்வு மடலில் சேறு. மூடியைத் திறந்து கழுவுங்கள். அதற்குப் பிறகும் நிற்கிறது என்றால் தெரு லைனில் மண் அடைப்பு. குடிநீர் வாரியத்தின் ஜெட் ராடிங் லாரியால்தான் (அழுத்தமாகத் தண்ணீர் பீய்ச்சி அடைப்பெடுக்கும் வண்டி) எடுக்க முடியும். புகார் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், தெருவில் நான்கு வீட்டார் தனித்தனியாகப் பதிவு செய்தால் லாரி சீக்கிரம் வருகிறது.

பலகையைக் கழுவி, நிழலில் காயவைத்து, ரப்பரில் கொஞ்சம் டால்கம் பவுடர் தடவி, கட்டிலுக்கு அடியில் படுக்கவைத்துவிடுங்கள். சுவரில் சாய்த்து வைத்தால் வளைந்துவிடும், அடுத்த ஐப்பசியில் சேனலுக்குள் இறங்காது.